வாடிய செடி ஒன்று தேவை

எங்கள் பள்ளிக்கூடத்தில் செடி வாடக்கூடாது. வாசலில் ஒரு பலகை இருக்கிறது. பசுமையாக இருப்பதற்குக் கொடுத்த விருது. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு இலை மஞ்சளானால் யாராவது போட்டோ எடுப்பார்கள். போட்டோ அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து என்னை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகை நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து சூப்பர்வைசருக்கு. கடைசியில் என் கைப்பேசிக்கு வரும். அதற்குள் நான் அந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

நான் அங்கே துப்புரவு வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலுக்குக் கண்டெய்னர் கட்டினேன். முட்டி போய்விட்டது. சிராங்கூன் பக்கம் இந்தத் தொடக்கப்பள்ளிக்கு வந்தேன். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஐம்பது தாண்டித் திரும்பப் பள்ளிக்கூடம் போனதில் வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு.

வேலையில் எனக்கு இரண்டு விதி. எதுவும் வாடக்கூடாது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது விதியை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு டீச்சரின் குடையை ஜன்னலோரத்திலிருந்து கதவோரத்துக்கு மாற்றி வைத்தேன். அன்றைக்கு மழை. குடையைக் காணோம் என்று தேடி, கடைசியில் மூன்று பேர் முன்னால் நின்று விளக்கம் சொன்னேன். அதிலிருந்து ஒரு பென்சிலைத் தூக்கித் துடைத்தாலும் கூர் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே வைப்பேன்.

இந்த இரண்டு விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததால்தான் எல்லாம் கெட்டது.

மூன்றாம் மாடியில் அறிவியல் அறை. பின்னால் ஒரு மர அலமாரி. வெள்ளிக்கிழமை தோறும் அலமாரிகளின் உள்ளே துடைக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை திறந்தேன். கீழ்த்தட்டில் ஒரு செடி. காசித்தும்பை. சின்னத் தொட்டி. பக்கத்தில் ஒரு பாட்டில். பாட்டிலிலிருந்து துணித்திரி ஒன்று மண்ணுக்குள் போயிருந்தது. ஆக, தண்ணீர் இருந்தது. வெளிச்சம்தான் இல்லை. இலைகள் வெளுக்க ஆரம்பித்திருந்தன.

யாரோ வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆசிரியர்கள் மறப்பார்கள். போன வருடம் ஒரு அலமாரியில் பிறந்தநாள் கேக் இருந்தது. யாருடைய பிறந்தநாள் என்று கண்டுபிடிக்க முடியாத நிலையில் இருந்தது.

செடியை வெளியே எடுத்து வராந்தா ஜன்னலில் வைத்தேன். மதியம் ஒரு மணி, நல்ல வெயில். நாலு மணிக்கு எடுத்த இடத்திலேயே வைத்தேன். பாட்டில் இடது பக்கம், தொட்டி வலது பக்கம். மறுநாளும் அப்படியே. திங்கட்கிழமையும். பாட்டிலில் தண்ணீர் குறைந்தால் நிரப்பினேன். இப்படி இரண்டு வாரம். செடி தெளிந்துவிட்டது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. என் வேலையைச் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டீச்சரோடு பழக்கமானது. மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். நம் ஆள். சின்ன வயது. ஒப்பந்தத்தில் இருந்தார். நான் நாலு மணிக்குக் கீழே அவர் வகுப்பறையைக் கூட்டப் போவேன். அவர் காலி நாற்காலிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.

"அங்கிள், பிஸியா? ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க லா. நாற்காலி மூஞ்சியையே எவ்வளவு நேரம் பாக்குறது."

"கூட்டணும் டீச்சர்."

"கூட்டிக்கிட்டே கேளுங்க."

கூட்டிக்கொண்டே கேட்டேன். அப்படித்தான் என் அறிவியல். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை உறிஞ்சும். தண்டு அதை மேலே கொண்டுபோகும். இலை வெளிச்சத்தை வைத்துச் சமைக்கும். இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு, அதன் வழியாகக் காற்று போகும் வரும். பூ விதைக்காக. ஒரு நாள் செடித் தண்டைச் சிவப்புச் சாயத் தண்ணீரில் நிறுத்தி வைத்தார். மறுநாள் தண்டுக்குள் சிவப்புக் கோடு ஏறியிருந்தது. சாயம் மேசையிலும் ஏறியிருந்தது. அதைத் தேய்த்து எடுத்தேன். பாடம் மனதில் நின்றது.

"அங்கிள், பூக்கற செடி, பூக்காத செடி ரெண்டு வகை. பெரணி பூக்காது. சுவரோரம் வெல்வெட் மாதிரி பச்சையா படருதே, அந்தப் பாசியும் பூக்காது. ஆனா அதுவும் செடிதான்."

"அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லித்தான் எனக்குப் பிரஷ் குடுத்திருக்காங்க."

"அப்படியா?"

"வாடக்கூடாதுங்கற லிஸ்ட்ல அது இல்ல."

சிரித்தார். அப்புறம், "காளான் செடியா?" என்று கேட்டார்.

"செடிதான்."

"இல்ல. அது சொந்தமா சமைக்காது. அடுத்தவங்க சமைச்சதைத் தின்னுட்டு அங்கயே உக்காந்திருக்கும்."

துணை முதல்வர் அந்த நேரம் வராந்தாவில் போனார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

டீச்சர் எதற்காக இப்படிப் பயிற்சி எடுக்கிறார் என்று நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஒரு வியாழக்கிழமை வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்து வகுப்பில் உட்காருவார். அந்த ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவரை நிரந்தரமாக எடுப்பதா, ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்புவதா என்று முடிவு. இதற்கு முன் அவர் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.

"பெட்டி கேள்வி கேக்காது அங்கிள். இங்க ஒருத்தன் கேட்டான், செடிக்குத் தூக்கம் வருமான்னு. எனக்குப் பதில் தெரியல. அன்னைக்கு ராத்திரி முழுக்கச் சந்தோஷமா இருந்துச்சு. திரும்ப ஸ்டிக்கர் ஒட்டப் போகச் சொன்னா போயிடுவேன். ஆனா போக வேணாம்னு இருக்கு."

அவர் கேட்டது அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை.

அந்த வியாழனுக்கு முதல் நாள் புதன். நாலரை மணி. பாடத்தின் கடைசிப் பகுதியை அன்றைக்குத்தான் முதல் முறையாக என் முன்னால் நடத்தினார்.

"இப்போ கடைசி. ஜன்னலோரத்துல ஒரு செடி. அதை நீங்க மூணு வாரமா பாக்குறீங்க. அதே மாதிரி இன்னொரு செடியை மூணு வாரமா இருட்டுல வெச்சிருக்கோம். தண்ணி ரெண்டுக்கும் உண்டு. வெளிச்சம் ஒண்ணுக்குத்தான். இப்போ அலமாரியைத் திறக்கப் போறோம். இலை என்ன நிறத்துல இருக்கும்?"

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.

"எந்த அலமாரி டீச்சர்?"

"மேல, சயின்ஸ் ரூம்ல. நான்கூட இன்னும் திறந்து பாக்கல. பிள்ளைங்களோட சேர்ந்து முதல் தடவை பாக்கணும்னு. திறக்காதீங்கன்னு பேப்பர் ஒட்டலாம்னு நெனச்சேன். ஒட்டுனா உடனே திறப்பாங்க. அதான் ஒட்டல."

"பச்சையா இருக்கும்," என்றேன்.

"இல்ல அங்கிள், மஞ்சளா இருக்கும். வெளிச்சம் இல்லாம இலை—"

"பச்சையா இருக்கும் டீச்சர். தினமும் மூணு மணி நேரம் நான் வெயில்ல வெச்சேன்."

மாடி ஏறினோம். என் முட்டிக்காக அவர் நின்று நின்று ஏறினார். அந்த நேரத்தில் அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அலமாரியைத் திறந்தார். செடி கரும்பச்சையாக நின்றது. இரண்டு பூ வேறு விட்டிருந்தது, ரோஸ் நிறம். ஜன்னலோரச் செடியைவிட நன்றாக இருந்தது. ஜன்னலோரச் செடியை முப்பது பிள்ளைகள் தொட்டார்கள், கிளையை வளைத்தார்கள், ஆளுக்கொரு வாய் தண்ணீர் ஊற்றினார்கள். அலமாரிச் செடியை ஒருத்தன்தான் தொட்டான்.

"ஏன் அங்கிள்?"

"வெளுத்துக் கெடந்துச்சு. போட்டோ எடுப்பாங்க."

"சரி, எடுத்தீங்க. எதுக்குத் திரும்ப உள்ள வெச்சீங்க? வெளியவே விட்டிருந்தா நான் முதல் நாளே பாத்திருப்பேனே."

"உங்க பொருள். எடுத்த எடத்துல வெக்கணும்."

அலமாரிக் கதவைச் சாத்தினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துணை முதல்வரிடம் போய்ச் சொன்னார். நான் வாசலில் நின்றேன். துணை முதல்வர் பதறாத மனுஷி. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னதை நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்: மஞ்சள் இலைப் படம் திரையில் இருக்கிறது அல்லவா, அதைக் காட்டு, போதும். பிள்ளைகள் பயிற்சித்தாளில் விடையை ஏற்கெனவே பென்சிலால் எழுதிவிட்டார்கள். அலமாரியைத் திறக்காதே.

"அப்ப சோதனை?" என்று டீச்சர் கேட்டார்.

சோதனை முடிந்துவிட்டது, முடிவுதான் கொஞ்சம் சரியில்லை என்றார் துணை முதல்வர்.

கெடுத்தது நான். சரி செய்வதும் நானாகத்தான் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. இருட்டில் கிடந்து வெளுத்த செடி ஒன்று காலை ஏழு மணிக்குள் வேண்டும். நேராக லிட்டில் இந்தியாவுக்குப் போனேன்.

அங்கே துளசி, கறிவேப்பிலை, மல்லிகை எல்லாம் தொட்டியில் விற்கும் ஒரு அம்மா உண்டு.

"மஞ்சளாப் போன செடி இருக்கா?"

அவர் இடுப்பில் கை வைத்தார். "என் கடையைப் பத்தி எவன் என்ன சொன்னான்?"

"யாரும் சொல்லலம்மா. வாங்கத்தான் கேக்குறேன்."

"முப்பது வருஷமா விக்கிறேன். நல்ல செடியக் குடுத்தா இது வாடியிருக்கு, கொறைச்சுக் குடுன்னு கேப்பாங்க. வாடுனதுதான் வேணும்னு இன்னைக்குத்தான் ஒரு ஆளு வந்து நிக்கிறீங்க."

"இருந்தா குடுங்க."

"காலையில இருந்துச்சு ரெண்டு. தூக்கிப் போட்டுட்டேன். இந்தா, இந்தப் பச்சைய எடுத்துட்டுப் போய்க் கட்டிலுக்கு அடியில வெய்யுங்க. பத்து நாள்ல நீங்க கேட்ட மாதிரி ஆயிடும்."

"நாளைக்குக் காலையில வேணும்."

"அவ்வளவு அவசரத்துக்கெல்லாம் அது சாகாது."

இன்னும் மூன்று கடை பார்த்தேன். அதே கதை. பிறகு அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே நடந்தேன். இந்த ஊரில் எத்தனையோ லட்சம் செடி. நடைபாதையில் செடி, பாலத்தின் மேல் செடி, கார் நிறுத்துமிடத்தின் சுவரில் செடி. ஒரு மஞ்சள் இலை கண்ணில் படவில்லை. என்னைப் போல ஒருத்தன் ஒவ்வொரு புளோக்குக்கும் இருக்கிறான். விடிவதற்குள் கிள்ளி எடுத்துவிடுகிறான். நாங்கள் எல்லாரும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் எரிச்சலும் வந்தது.

சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போனால் ஒரு திடல். ஏதோ விழாவுக்கு மேடை போட்டிருந்தார்கள். விழா முடிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் நாலைந்து பேர் பலகைகளைத் தூக்கி லாரியில் அடுக்கினார்கள். ஒரு பலகையைத் தூக்கியபோது அடியில் பார்த்தேன். நின்றுவிட்டேன்.

"அண்ணே, அங்க நிக்காதீங்க. பலகை சரியும்."

"அடியில புல்லு வெளுத்திருக்கா?"

"தேமல் விழுந்த மாதிரி இருக்கு. எதுக்குண்ணே?"

"எத்தனை நாளா பலகை கெடக்கு?"

"மூணு வாரம் இருக்கும்."

"ஒரு பிடி எடுத்துக்கலாமா?"

அவன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன் கேட்டான், "ஆட்டுக்கா?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துல ஆடு வளக்குறாங்களா?"

"சிங்கப்பூர்ல எல்லாம் இருக்கும்டா," என்றான் லாரிமேல் நின்றவன். "நீ பலகையைத் தூக்கு."

அவர்களுடைய மேற்பார்வையாளர் வந்தார். தமிழ் ஆள்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். பாதி கேட்டார். "எடுத்துக்குங்க லா. காலையில ஆறு மணிக்குப் புதுப் புல்லு வருது. இந்தப் பழசை வாரிக் குப்பையில போடுறதுதான். வெளுத்தது ஜனங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஆர்டர்."

மண்வெட்டி அவர்களே கொடுத்தார்கள். வேரோடு, மண்ணோடு ஒரு அடி அகலத்துக்கு வெட்டி எடுத்தேன். பாதி பலகைக்கு அடியில் இருந்தது, பாதி வெளியே இருந்தது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் பச்சை. நடுவில் பலகையின் விளிம்பு கோடு போட்ட மாதிரி. பிளாஸ்டிக் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனேன். பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போனார்.

காலை ஆறே முக்காலுக்கு டீச்சர் வந்தார். முகம் நன்றாக இல்லை. பையைத் திறந்து காட்டினேன்.

"இது இருட்டுல இருந்தது டீச்சர். பொய் இல்ல. நான் தொடல."

குனிந்து பார்த்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"எங்க அங்கிள் புடிச்சீங்க?"

"திடல்ல. மேடைக்கு அடியில."

"இதைக் காட்டணும்னா அதையும் காட்டணுமே. அலமாரியைத் திறந்தாத்தானே இது எதுக்குன்னு சொல்ல முடியும்."

"அது உங்க இஷ்டம். திறக்காதன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

"ஆமா," என்றார்.

பத்து மணிக்குப் பாடம். மூன்றாம் மாடி. நான் வராந்தாவில் துடைக்கப் போனேன். அந்த வராந்தாவை அன்றைக்கு மூன்று தடவை துடைத்தேன். கதவு திறந்திருந்தது. அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா, கண்ணாடி போட்டவர், மடியில் சின்னக் கணினி. பக்கத்தில் துணை முதல்வர்.

வேர் நன்றாகப் போனது. தண்டு நன்றாகப் போனது. சாயம் இந்தத் தடவை மேசையில் சிந்தவில்லை. இலை வந்தது. திரையில் மஞ்சள் இலைப் படம் வந்தது. பிள்ளைகள் பென்சிலால் எழுதியிருந்த விடையைப் பேனாவால் எழுதினார்கள். துணை முதல்வர் தலையாட்டினார். அங்கேயே முடித்திருந்தால் முடிந்திருக்கும். டீச்சர் கையில் இருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். அலமாரிக்குப் போனார். திறந்தார். செடியைத் தூக்கி நடு மேசையில் வைத்தார்.

"என்ன நிறம்?"

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மஞ்சள், டீச்சர்."

"பாத்துச் சொல்லு."

அவள் செடியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தன் தாளைப் பார்த்தாள். கடைசியில் துணை முதல்வரைப் பார்த்தாள். "மஞ்சள்."

இன்னொருத்தன் உதவிக்கு வந்தான். "கொஞ்சம் பச்சையான மஞ்சள், டீச்சர்."

துணை முதல்வர் அதிகாரியிடம் குனிந்து, அந்த அறையின் விளக்கு எப்போதுமே சரியில்லை என்று சொன்னார்.

டீச்சர் மறுபடி கேட்டார். "விடை எழுதுனதை மறந்துடுங்க. இந்த இலை என்ன நிறம்?"

கடைசி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "பச்சை." பிறகு எல்லாரும் பச்சை பச்சை என்றார்கள். விட்டால் போதும் என்பது போல.

"ஏன் பச்சை?"

அதற்குப் பிறகு அது வகுப்பாக இல்லை, போலீஸ் நிலையமாக இருந்தது. அலமாரியில் ஓட்டை இருக்கிறது என்றான் ஒருத்தன். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்கள், ஓட்டை இல்லை. அறிவியல் தப்பு என்றாள் ஒருத்தி. பூ விட்டிருக்கிறதே, இருட்டில் எப்படிப் பூக்கும் என்றாள் இன்னொருத்தி. யாரோ திறந்திருக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள். யார் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். மஞ்சள் என்று சொன்ன அந்த முன் வரிசைப் பெண் பக்கம் இரண்டு விரல் நீண்டது. அவள் கண் நிறைந்துவிட்டது.

நான் துடைப்பானை வாளியில் போட்டேன். வாசலில் நின்று கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே.

"நான்தான் திறந்தேன்."

துணை முதல்வர் எழுந்தார். அதிகாரி அவர் கையைத் தொட்டு உட்கார வைத்தார்.

பிள்ளைகள் என்னை விசாரித்தார்கள். எத்தனை மணி நேரம். மூன்று. தினமுமா. ஞாயிறு லீவு. மழை பெய்த அன்று. அன்றைக்கும் வைத்தேன். தண்ணீர் நிறைய ஊற்றினீர்களா. பாட்டிலில் குறைந்ததை மட்டும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். போலீஸ்கூட அவ்வளவு எழுதாது. ஒரு பையன் இலைகளைப் புரட்டிப் பார்த்து, அடியில் இருந்த இரண்டு இலை மட்டும் வெளுத்திருக்கிறது என்று கண்டுபிடித்தான். நான் பார்க்கும் முன்னால் இருட்டில் கிடந்த நாட்களில் வெளுத்தது, திரும்பத் தேறவில்லை. அதை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்ப ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் வெளிச்சம் போதுமா, டீச்சர்?"

"தெரியல," என்றார் டீச்சர். "ரெண்டு மணி நேரம் வெச்சுப் பாக்கலாம். ஒரு மணி நேரம் வெச்சுப் பாக்கலாம்."

வெளிச்சமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொருத்தி கேட்டாள். அப்போதுதான் அவர் என் பிளாஸ்டிக் பையை எடுத்தார். புல்லை மேசையில் வைத்ததும் முப்பது தலை அதன் மேல் குனிந்தது. அதிகாரியின் தலையும் சேர்த்து முப்பத்தொன்று. மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. துணை முதல்வர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

போகும்போது அதிகாரி என்னிடம் நின்றார். "உங்களை இப்படிச் செய்யச் சொன்னது டீச்சரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்ல. அவங்களுக்கு நேத்துதான் தெரியும்," என்றேன்.

எழுதிக்கொண்டார்.

மதியம் சூப்பர்வைசர் வந்தான். ஊர்ப் பையன், நல்லவன், பயந்தவன்.

"அண்ணே, என்னண்ணே. செடி வாடுனா கம்ப்ளெயின்ட் வரும். இத்தனை வருஷத்துல வாடலைன்னு கம்ப்ளெயின்ட் வந்து நான் பார்த்ததே இல்ல."

"நானும் பாத்ததில்ல."

"லெட்டர் குடுக்கச் சொல்லிட்டாங்க. அலமாரியில இருக்கற உயிருள்ள பொருளைத் தொடக்கூடாதாம். கையெழுத்துப் போட்டுருங்கண்ணே."

"உயிரில்லாததைத் தொடலாமா?"

"அதுல எழுதலண்ணே."

போட்டேன். முதல் எச்சரிக்கை. டீச்சர் பக்கம் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அடுத்த மூன்று வாரமும் அவர் வகுப்பைக் கூட்டும்போது நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாற்காலிகளுக்குப் பாடம் நடத்துவதையும் நிறுத்திவிட்டார். மேசையில் உட்கார்ந்து தாள் திருத்துவார். இரண்டு தடவை சாங்கியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. பழைய வேலையிடம். இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். "அடுத்த வாரம் சொல்றேன்," என்று இரண்டு தடவையும் சொன்னார்.

நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டப் போனேன். மேசையில் ஒரு கடிதம் பிரித்துக் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.

"எடுத்துட்டாங்க அங்கிள்."

"நல்லது."

"அதிகாரி என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க. எதிர்பாராத முடிவு ஒண்ணை நான் முன்கூட்டியே திட்டம் போட்டு, துப்புரவு ஊழியரையும் பாடத்துல சேர்த்து, பிள்ளைங்களை யோசிக்க வெச்சேனாம்."

"திட்டமா? நான்தான் அன்னைக்கே இல்லைன்னு சொன்னேனே."

"நானும் போய்ச் சொன்னேன். திட்டம் எல்லாம் இல்ல, நடந்துபோச்சுன்னு. அதைத் தன்னடக்கம்னு எழுதிட்டாங்க."

"துணை முதல்வர்?"

"அவங்க அனுமதி குடுத்துத்தான் நடந்துச்சுன்னு மீட்டிங்ல சொன்னாங்க. அடுத்த மாசம் மத்த டீச்சருங்களுக்கு இதைப் பத்திப் பேசப் போறாங்க. படத்தோட."

மேசைகளுக்கு நடுவில் கூட்டி முடித்தேன். வாளியை எடுத்து வந்தேன்.

"உங்களுக்குக் குடுத்த எச்சரிக்கையை எடுக்கச் சொல்லிக் கேக்கட்டுமா அங்கிள்? ஒரே விஷயத்துக்கு எனக்கு வேலை, உங்களுக்கு லெட்டர். நல்லா இல்லையே."

"வேணாம். கேட்டா அதையும் நீங்க திட்டம் போட்டதா எழுதுவாங்க."

சிரித்தார். பல நாள் கழித்துச் சிரித்தார்.

"அப்ப சாங்கிக்குப் போக வேணாம்," என்றேன்.

"வேணாம் அங்கிள்."

"சரி. காலைத் தூக்குங்க. கீழ துடைக்கணும்."

தூக்கினார்.